தேவையானதைக் கையில் கொடு: ஜாவா வலைச் செயலிகளில் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்

கல்லூரியில் கணினி படிக்கும் பழைய மாணவர்கள் விடுமுறையில் பள்ளிக்கு வரும்போது ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "டீச்சர், ஸ்பிரிங்ல நாங்க எங்கேயும் 'நியூ' போடவே இல்ல. ஆனா ஆப்ஜெக்ட் வந்து நிக்குது. யாரு கொண்டு வந்து வைக்கிறாங்க?" வகுப்பில் இதற்கு டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். பெயரை மனப்பாடம் செய்தாயிற்று; பொருள்தான் பிடிபடவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்கிறார்கள். தெரிந்த பிள்ளைகூட அங்கே தடுமாறி நிற்கிறது.

மம்சாபுரத்திலும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று ஊர்களிலும் தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, இந்தக் கருத்தின் விதை பள்ளியிலேயே விழுந்திருக்கிறது. அது விதைதான் என்று யாரும் சுட்டிக்காட்டவில்லை, அவ்வளவே. ஆகவே இதை எப்படி விளக்குகிறேன் என்று இங்கே எழுதுகிறேன். கணினி ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். மற்ற பாட ஆசிரியர்களும் படிக்கலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் வருகையையும் மதிப்பெண்ணையும் பதிவேற்றுகிற செயலிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு தொடர்புடைய செய்தி இது.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

'டிபென்டென்சி' என்பதைச் 'சார்பு' என்று பெயர்த்தால் வகுப்பில் குழப்பம் வரும். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' படித்த பிள்ளைக்குச் சார்பு என்றால் வேறு பொருள். 'இன்ஜெக்‌ஷன்' என்றதும் ஊசி நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் படித்த மாணவருக்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் நினைவுக்கு வரும். அது தரவுத்தளத்தைக் கெடுக்கும் தாக்குதல். இதற்கும் அதற்கும் உறவில்லை.

நான் வகுப்பில் சொல்வது இதுதான்: ஒரு வேலையைச் செய்ய எது எது வேண்டுமோ அது 'தேவை'. அந்தத் தேவையை வேலை செய்கிறவரே தேடிப் போகாமல், வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அதுவே டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன். தமிழில் 'தேவையைக் கையில் கொடுத்தல்' என்று வைத்துக்கொள்வோம்.

சத்துணவுக் கூடத்தில் ஒரு பாடம்

நம் பள்ளிச் சத்துணவு மையத்தைப் பாருங்கள். சமையலர் காலையில் வந்ததும் கடைக்கு ஓடுவதில்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக மையத்துக்கு வந்து சேர்கின்றன. இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, அமைப்பாளர் அளந்து கொடுக்கிறார். சமையலர் சமைக்கிறார். அரிசி எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, எந்த லாரியில் வந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அரிசி அரிசியாக இருந்தால் போதும்.

இதையே மாற்றிப் பாருங்கள். சமையலரே தினமும் ஒரு குறிப்பிட்ட கடைக்குப் போய் அரிசி வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடை ஒருநாள் பூட்டியிருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. கடையை மாற்ற வேண்டுமென்றால் சமையலரின் வேலை முறையையே மாற்ற வேண்டும். ஒருநாள் சமையலை மட்டும் சோதித்துப் பார்க்க ஓர் அதிகாரி வந்தால், கடையையும் சேர்த்துத்தான் சோதிக்க முடியும். சமையலும் கொள்முதலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன.

நிரலிலும் இதே பின்னல்தான் சிக்கலாகிறது. 'நியூ' என்ற சொல், சமையலர் தானே கடைக்குப் போவது.

வராதவர்களுக்குச் செய்தி அனுப்பும் செயலி

ஓர் எடுத்துக்காட்டு. வகுப்பாசிரியர் வருகையைப் பதிந்ததும், வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். ஜாவாவில் எழுதும் முறையைத் தமிழ்ச் சொற்களில் காட்டுகிறேன். நம் பாடநூலில் உள்ளபடி கிளாஸ் என்பதை 'இனக்குழு' என்றும், 'நியூ' என்பதைப் 'புதிய' என்றும் எழுதியிருக்கிறேன்.

இனக்குழு வருகைச்சேவை {
    அலைபேசிஅனுப்பி அனுப்பி = புதிய அலைபேசிஅனுப்பி();

    தெரிவி(வகுப்பு) {
        வராத ஒவ்வொருவருக்கும்:
            அனுப்பி.அனுப்பு(பெற்றோர் எண், செய்தி);
    }
}

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. இயக்கினால் வேலையும் செய்யும். ஆனால் இரண்டாவது வரியைக் கவனியுங்கள். வருகையைக் கவனிக்க வேண்டிய இனக்குழு, எந்த நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவை என்பதையும் தானே முடிவு செய்து கட்டிப்போட்டுக்கொண்டது.

எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில் இப்படி ஒரு செயலி எழுதப்பட்டது. எழுதியவர் அங்கே படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போன மாணவர். ஆர்வத்தோடு இலவசமாகச் செய்து கொடுத்தார். ஒரு வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குச் செயலியைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனைக்காக ஒரு வகுப்பு முழுவதையும் 'வரவில்லை' என்று குறித்து இயக்கினார்கள். பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தோப்பு வேலையில் இருந்த தந்தைக்கும், மில்லில் ஷிப்டில் இருந்த தாய்க்கும் "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று செய்தி போய்விட்டது. காலையில் சீருடை போட்டு அனுப்பிய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் பெற்ற வயிறு என்ன பாடுபடும்? அரை மணி நேரத்தில் பள்ளி வாசலில் கூட்டம். விளக்கம் சொல்லி அனுப்பியாயிற்று. பிறகு, உண்மையிலேயே ஒரு பிள்ளை வராத நாளில் போன செய்தியை "மறுபடியும் மெஷின் கோளாறா இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பெரிய இழப்பு அதுதான். செய்தியின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அந்த மாணவருடைய கணக்கில் பிழை எதுவும் இல்லை. வராதவர்களைச் சரியாகத்தான் எடுத்தார். செய்தி அனுப்பாமல் சோதிக்க அந்த நிரலில் வழியே இல்லை என்பதுதான் சிக்கல். 'புதிய அலைபேசிஅனுப்பி' என்று உள்ளேயே எழுதியாகிவிட்டதால், சேவையைத் தொட்டால் உண்மைச் செய்தி போகும்.

மாற்றி எழுதுவோம்

இடைமுகம் செய்திஅனுப்பி {
    அனுப்பு(எண், செய்தி);
}

இனக்குழு வருகைச்சேவை {
    செய்திஅனுப்பி அனுப்பி;

    வருகைச்சேவை(செய்திஅனுப்பி வந்தவர்) {
        அனுப்பி = வந்தவர்;
    }

    தெரிவி(வகுப்பு) {
        வராத ஒவ்வொருவருக்கும்:
            அனுப்பி.அனுப்பு(பெற்றோர் எண், செய்தி);
    }
}

மாறியது இரண்டே இடம். ஒன்று, 'செய்தி அனுப்பத் தெரிந்த யாராவது' என்று ஓர் இடைமுகம் வந்தது. இரண்டு, 'புதிய' என்ற சொல் போய்விட்டது. அதற்குப் பதில், இந்த இனக்குழுவின் ஆக்கி, "என்னை உருவாக்குகிறவர் ஒரு செய்திஅனுப்பியை என் கையில் கொடுங்கள்" என்று கேட்கிறது.

இப்போது மூன்று விதமான அனுப்பிகளை எழுதலாம். உண்மையான குறுஞ்செய்தி அனுப்புகிறவர் ஒருவர். எதையும் அனுப்பாமல், யாருக்கு என்ன போயிருக்கும் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளும் போலி அனுப்பி ஒருவர். எப்போது கேட்டாலும் "வலை இணைப்பு இல்லை" என்று சொல்லும் முரட்டு அனுப்பி ஒருவர்.

சோதனையின்போது போலி அனுப்பியைக் கொடுக்கிறோம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூவர் வரவில்லை என்றால், அவர் குறிப்பில் சரியாக மூன்று செய்திகள் இருக்க வேண்டும். இரண்டு இருந்தாலும் பிழை, நான்கு இருந்தாலும் பிழை. முரட்டு அனுப்பியைக் கொடுத்து, இணைப்பு அறுந்தால் செயலி மொத்தமாக நின்றுவிடுகிறதா, மறுபடி முயல்கிறதா என்று பார்க்கலாம். எந்தத் தாயின் அலைபேசியும் ஒலிக்காது. வருகைச்சேவையின் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்பதுதான் இதில் முக்கியம். சோதனையில் ஓடிய அதே நிரல்தான் நாளை பள்ளியிலும் ஓடும்.

இதுதான் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன். ஆக்கியின் வழியே தேவையைக் கொடுப்பது அவ்வளவுதான். இதற்கு எந்தப் பெரிய மென்பொருளும் தேவையில்லை.

அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு?

தேவையைக் கையில் கொடுக்க யாராவது ஒருவர் வேண்டுமல்லவா? ஐந்து இனக்குழு உள்ள நிரலில் அதை நாமே செய்துவிடலாம். ஒரு வலைச் செயலியில் நூற்றுக்கணக்கான இனக்குழுக்கள் இருக்கும். உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்குவது ஒன்று. அதற்குச் சேவை வேண்டும். சேவைக்குத் தரவுத்தளத்தைப் படிக்கும் ஒன்று வேண்டும். அதற்குத் தரவுத்தள இணைப்பு வேண்டும். இணைப்புக்கு முகவரியும் கடவுச்சொல்லும் வேண்டும். யாரை முதலில் உருவாக்குவது, யாரை யாரிடம் கொடுப்பது என்பதே தனி வேலையாகிவிடும். சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர் எப்படியோ, வலைச் செயலிக்குக் 'கன்டெய்னர்' அப்படி. ஸ்பிரிங் சட்டகத்தின் நடுவில் இருப்பது இந்தக் கன்டெய்னர்தான்.

செயலி தொடங்கும்போது அது என்ன செய்கிறது?

முதலில், நம் இனக்குழுக்களைத் தேடிப் பார்க்கிறது. '@சர்வீஸ்', '@ரெப்பாசிட்டரி', '@கன்ட்ரோலர்' போன்ற குறிகள் ஒட்டியவற்றைப் பட்டியலில் சேர்க்கிறது. '@கான்ஃபிகரேஷன்' குறியிட்ட இனக்குழுவுக்குள் '@பீன்' என்று நாமே எழுதிவைத்த குறிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதன் கவனிப்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'பீன்' என்று பெயர்.

அடுத்து, ஒவ்வொன்றின் ஆக்கியையும் பார்த்து, எதற்கு எது தேவை என்று அறிகிறது. ஒரு நிரல் தன் இனக்குழுக்களின் அமைப்பைத் தானே ஆராயும் வசதி ஜாவாவில் உண்டு. அதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். தேவை எதுவும் இல்லாததை முதலில் உருவாக்குகிறது. பிறகு அதைக் கேட்கிறவர். பிறகு அவரைக் கேட்கிறவர். அடித்தளம் போட்டபின் சுவர், சுவருக்குப் பின் கூரை.

கேட்ட தேவை எங்கும் கிடைக்கவில்லை என்றால், செயலி தொடங்கவே தொடங்காது. என்ன கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். மாணவர்கள் இந்தச் சிவப்பு எழுத்துகளைக் கண்டு பயப்படுகிறார்கள். உண்மையில் இது நன்மை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்ற பிறகு அரிசி இல்லை என்று தெரிவதைவிட, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே தெரிவது மேல்.

கேட்ட தேவைக்கு இரண்டு பேர் பொருந்தினாலும் கன்டெய்னர் தானாக ஒருவரைத் தேர்ந்துகொண்டு ஓடிவிடாது. உண்மை அனுப்பி, போலி அனுப்பி இரண்டும் பட்டியலில் இருந்தால், எதைக் கொடுப்பது என்று நம்மையே கேட்கும். '@பிரைமரி' அல்லது '@குவாலிஃபையர்' குறியால் நாம் சொல்லலாம். '@புரொஃபைல்' குறியிட்டால், சோதனைச் சூழலில் போலியும் பள்ளிச் சூழலில் உண்மையும் வரும்படி பிரிக்கலாம்.

கல்லூரிப் பிள்ளை கேட்ட "யாரு கொண்டு வந்து வைக்கிறாங்க" என்ற கேள்விக்கு இதுவே விடை. 'நியூ' மறைந்துவிடவில்லை. நம் கையிலிருந்து கன்டெய்னரின் கைக்குப் போயிருக்கிறது.

இந்த எண்ணம் வந்த வழி

ஜாவாவில் பெரிய வலைச் செயலிகள் எழுத 2000ஆம் ஆண்டை ஒட்டி ஜே2இஇ என்ற முறை இருந்தது. அதில் சிறு வேலைக்கும் ஏராளமான சடங்கு நிரல் எழுத வேண்டியிருந்தது. தனக்குத் தேவையானதை ஒவ்வோர் இனக்குழுவும் தானே ஒரு பெயர்ப் பதிவேட்டில் தேடி எடுக்க வேண்டும். பெரிய வழங்கியை ஓடவிடாமல் ஒரு சிறு பகுதியைச் சோதிப்பதே கடினம். ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட நூலில் இதைக் கேள்விக்குள்ளாக்கி, தன் மாற்று வழியை நிரலோடு காட்டினார். அந்த நிரலிலிருந்து வளர்ந்ததே ஸ்பிரிங். ஜே2இஇ என்ற பனிக்காலத்துக்குப் பின் வந்த வசந்தம் என்பதால் அந்தப் பெயர். அதன் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது.

இதற்குள் 'கட்டுப்பாட்டைத் தலைகீழாக்குதல்' என்ற பொதுப்பெயர் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பெயர் மிகப் பரந்தது, எதைத் தலைகீழாக்குகிறோம் என்று சொல்லவில்லை என்று கருதி, 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை 'டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. கூகுள் 2007இல் ஜூஸ் என்ற சிறிய கன்டெய்னரை வெளியிட்டது. 2009இல் '@இன்ஜெக்ட்' என்ற குறி ஜாவா உலகின் பொதுத் தரமானது. 2014இல் வந்த ஸ்பிரிங் பூட், தொடக்க அமைப்பு வேலைகளைக் குறைத்து இந்த முறையைப் பரவலாக்கியது. 2018இல் வந்த மைக்ரோநாட், 2019இல் வந்த குவார்கஸ் ஆகியவை இந்த இணைப்பு வேலையின் பெரும்பகுதியைச் செயலி தொடங்கும்போது செய்யாமல், நிரலைத் தொகுக்கும்போதே முடித்துவிடுகின்றன. அதனால் செயலி விரைவாகத் தொடங்குகிறது.

மாணவர்களுக்கு உதவும் ஒரு குறிப்பு: ஜாவா இஇ 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டு, 2018இல் ஜகார்த்தா இஇ எனப் பெயர் பெற்றது. 2020இல் அதன் நிரல் தொகுப்புகளின் பெயரும் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறியது. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 இந்தப் புதிய பெயரையே எதிர்பார்க்கிறது. பழைய பாடக் குறிப்பைப் பார்த்து எழுதிய நிரல் புதிய பதிப்பில் ஓடாமல் போக இது ஒரு காரணம்.

நாடுகள் கடந்து ஓர் எடுத்துக்காட்டு

இந்த முறையின் பயனைப் பெரிய அளவில் பார்க்கப் பெங்களூருக்குப் போவோம். அங்குள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018இல் தொடங்கிய மோசிப் என்னும் திறந்த மூல மென்பொருள், தம் மக்களுக்கு அடையாள எண் வழங்க விரும்பும் நாடுகளுக்காக எழுதப்பட்டது. பிலிப்பைன்ஸ் இதைப் பயன்படுத்துகிறது. இலங்கையின் எண்ம அடையாளத் திட்டமும் இதைத் தேர்ந்துகொண்டது. இதன் சேவைகள் பெரும்பாலும் ஜாவாவிலும் ஸ்பிரிங் பூட்டிலும் எழுதப்பட்டவை.

மணிலாவில் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் வேறு, கொழும்பில் வேறு. விரல்ரேகையை ஆராயும் மென்பொருளும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒவ்வொரு நாட்டுக்கும் மைய நிரலைத் திருத்திக்கொண்டிருந்தால் அது பல துண்டுகளாக உடைந்துபோகும். ஆகவே இத்தகைய இடங்களில் மோசிப் இடைமுகத்தை மட்டும் வரையறுக்கிறது. அந்த இடைமுகத்துக்குப் பொருந்தும் பகுதியை நாடு கொண்டுவந்து பொருத்திக்கொள்ளலாம். உண்மைக் கருவி கையில் இல்லாதவர்கள் சோதித்துப் பார்க்கப் போலிப் பகுதிகளையும் அந்தத் திட்டமே வெளியிட்டிருக்கிறது. நம் போலி அனுப்பியின் பெரியண்ணன் என்று சொல்லலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமானது தீக்‌ஷா. 2017 செப்டம்பர் 5 ஆசிரியர் நாளில் தொடங்கப்பட்ட இந்தத் தளம், சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் நிற்கிறது. நம் பாடநூல்களில் விரைவுக் குறியீட்டை வருடும்போது திறக்கும் காணொலிகள் எங்கோ ஒரு கிளவுட் சேமிப்பகத்தில் இருக்கின்றன. சன்பேர்டில் கோப்புச் சேமிப்புக்கென்று தனி நூலகம் உண்டு. அதில் பொதுவான வடிவம் ஒன்று. அதன் கீழ் மைக்ரோசாஃப்ட் அஸூருக்கு ஒன்று, அமேசான் எஸ்3 சேமிப்பகத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் செயலாக்கங்கள். எது வேண்டும் என்பதை அமைப்பு விவரம் முடிவு செய்கிறது. 2023இல் தீக்‌ஷாவைத் தன் கிளவுடில் நவீனமாக்க ஒன்றியக் கல்வி அமைச்சகம் தேர்ந்திருப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. இப்படி இடம் மாறும் வேலை எளிதல்ல. ஆனால் ஒரே கிளவுட் நிறுவனத்தின் பெயரை நிரல் முழுவதும் தூவி வைத்திருந்தால் அது இன்னும் பல மடங்கு கடினமாகியிருக்கும். மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு தளம் ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்காமல் இருப்பதற்கும் இந்த எளிய எண்ணம் துணை நிற்கிறது.

கவனிக்க வேண்டிய நான்கு இடங்கள்

ஒன்று, பொதுவில் இருக்கும் பொருள். சத்துணவு உவமை இங்கே உடைகிறது. அரிசி சமைத்தால் தீர்ந்துவிடும், பீன் தீராது. ஸ்பிரிங் வழக்கமாக ஒவ்வொரு பீனையும் ஒரே ஒருமுறை உருவாக்கி, கேட்கிற எல்லோருக்கும் அதையே கொடுக்கிறது. வலைச் செயலியோ ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளுக்கு வேலை செய்கிறது. சேவையின் உள்ளே 'இப்போதைய மாணவர்' என்று ஒரு மாறியை வைத்தால், ஒரே கரும்பலகையில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதுபோல் ஆகும். ஒரு பிள்ளையின் மதிப்பெண் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் தோன்றலாம். நாம் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது தெரியாது. பலர் ஒன்றாக நுழையும் தேர்வு முடிவு நாளில்தான் தெரியும். கோரிக்கைக்குக் கோரிக்கை மாறுகிற விவரத்தைப் பீனில் வைக்கக் கூடாது; செயற்கூறின் அளபுருவாக அனுப்ப வேண்டும்.

இரண்டு, வட்டச் சார்பு. இந்தச் சான்று வாங்க அந்தச் சான்று வேண்டும்; அந்தச் சான்று வாங்க இந்தச் சான்று வேண்டும் என்றால் மனு நகராது. வருகைச்சேவைக்குத் தேர்வுச்சேவை வேண்டும், தேர்வுச்சேவைக்கு வருகைச்சேவை வேண்டும் என்று ஆக்கிகளில் எழுதினாலும் அதுவே கதி. 2021இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல், இப்படிப்பட்ட வட்டங்களை அது வழக்கமாகவே மறுத்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான வேலையை மூன்றாவது இனக்குழுவாகப் பிரிப்பதே பெரும்பாலும் சரியான வழி.

மூன்று, நீண்ட பட்டியல். ஓர் ஆக்கி ஒன்பது தேவைகளைக் கேட்டால், அந்த இனக்குழு ஒன்பது பேர் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கற்பித்தலோடு கணக்கெடுப்பு, தேர்தல் பணி, பதிவேடு என்று பலவற்றைச் சுமக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக்கியில் எழுதினால் சுமை வெளிப்படையாகத் தெரியும். மாறியின் மேலேயே '@ஆட்டோவயர்டு' என்று ஒட்டிவிட்டால் சுமை கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். ஆக்கி வழியே கொடுப்பது மேல் என்று ஸ்பிரிங் குழுவே பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் வந்த ஸ்பிரிங் 4.3 முதல், ஓர் இனக்குழுவுக்கு ஒரே ஆக்கி இருந்தால் அந்தக் குறியே தேவையில்லை.

நான்கு, தேவையற்ற இடம். வட்டிக் கணக்குப் போடும் இருபது வரி நிரலுக்குக் கன்டெய்னர் வேண்டாம். கூட்டல் கணக்குக்கு இடைமுகம் வேண்டாம். மாறக்கூடியது எது, வெளியுலகைத் தொடுவது எது என்று கேளுங்கள். செய்தி அனுப்புவது, தரவுத்தளம், பணப் பரிமாற்றம், கடிகாரம் ஆகியவை வெளியிலிருந்து வரட்டும். மற்றவை உள்ளேயே இருக்கட்டும்.

நம் பாடநூலில் எங்கே தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் முதல் பாடத்திலேயே இடைமுகத்துக்கும் செயல்படுத்துதலுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. காரை ஓட்டுகிறவருக்கு வேகமுடுக்கியை மிதிக்கத் தெரிந்தால் போதும், இயந்திரம் உள்ளே எப்படி வேகம் கூட்டுகிறது என்று தெரிய வேண்டியதில்லை என்ற எடுத்துக்காட்டு அங்கே உண்டு. அங்கே ஒரு கேள்வியை மட்டும் கூட்டுங்கள்: "அந்த இயந்திரத்தைக் காருக்குள் வைத்தது யார்? ஓட்டுநரா?" அந்தக் கேள்வியிலிருந்து டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் தொடங்கிவிடும். பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியில் ஆக்கியைப் படித்த பிள்ளைகளுக்கு, ஆக்கி எண்களை மட்டுமன்றி இன்னொரு பொருளையும் வாங்கிக்கொள்ளலாம் என்பது புரிந்துவிடும். பைத்தானிலும் இதையே செய்து காட்டலாம். ஜாவா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணினியே இல்லாமல் ஒரு பாடவேளையில் செய்யக்கூடிய செயல்பாடும் உண்டு. பத்து அட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி: 'என்னால் முடிவது', 'எனக்குத் தேவை'. ஓர் அட்டையில் 'முடிவது: தேநீர் போடுதல், தேவை: பால், அடுப்பு'. இன்னொன்றில் 'முடிவது: பால் தருதல், தேவை: மாடு'. 'மாடு' அட்டையில் தேவை எதுவும் இல்லை. அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு பிள்ளை கன்டெய்னர். மற்றவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. தேவையைக் கன்டெய்னரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். தேவை நிறைவேறியவர் எழுந்து நிற்கலாம். யார் முதலில் எழுகிறார், யார் கடைசியில் எழுகிறார் என்று கரும்பலகையில் குறியுங்கள். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள்கூட இதை விளையாட்டாகச் செய்துவிடுவார்கள்.

பிறகு மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். மாட்டை எடுத்துவிடுங்கள்: யாரெல்லாம் எழ முடியாமல் போகிறார்கள்? பால் தருகிற அட்டை இரண்டு வையுங்கள்: கன்டெய்னர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு அட்டைகள் ஒன்றையொன்று கேட்கும்படி எழுதுங்கள்: யார் முதலில் எழுவார்? கிடைக்காத தேவை, இரட்டைப் பொருத்தம், வட்டச் சார்பு என்னும் மூன்று பிழைகளையும் பிள்ளைகள் பெயர் தெரியாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

மேல்நிலை வகுப்பில், அதன்பின் வருகைச் செய்தி நிரலை எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உண்மையான எண் ஒன்றுக்கும் செய்தி போகாமல், நிரல் சரியாக வேலை செய்கிறது என்று வகுப்பின் முன் காட்ட வேண்டும். அந்த நிபந்தனைக்குள் போலி அனுப்பியைத் தாமாகவே கண்டடைகிற பிள்ளை, பிற்காலத்தில் எந்தச் சட்டகத்தைப் படித்தாலும் அதன் காரணத்தைக் கேட்டுப் படிக்கும். நாளை ஓர் ஊரின் பிள்ளைகள் விவரத்தையோ ஒரு குடும்பத்தின் உதவித்தொகையையோ கையாளும் செயலியை எழுதப்போவதும் அந்தக் கைதான்.